அம்மாவுக்கு ஒரு வெளி ஆள்

காலை ஆட்டாமல் எனக்கு உட்கார வராது. பள்ளியில் இதற்காக வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் இன்னமும் முறைக்கிறார்கள். புதுச்சேரியில் காது கேளாதவர்கள் மத்தியில் என் பெயரே அதுதான். அவர்கள் ஆளைப் பார்த்து, அவரிடம் கண்ணில் படுகிற ஏதோ ஒன்றைப் பிடித்து, அதையே கையால் காட்டிப் பெயராக வைத்துவிடுவார்கள். இரண்டு விரல்களைக் கீழே தொங்கவிட்டு வெடவெடவென்று ஆட்டினால் அது நான். அந்தப் பெயரை வைத்தது அம்மா.

அம்மாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அப்பாவுக்கும் அப்படித்தான். நான் கல்லூரியில் படிக்கும்போது அவர் போய்ச் சேர்ந்தார். எனக்குக் கேட்கும். லாஸ்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டின் ஒரே காது நான் என்பதால் பால்காரர், கேஸ்காரர், வங்கி, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் நான்தான் வாய். கடைசியில் அதையே முறைப்படி படித்துத் தொழிலாகவும் ஆக்கிக்கொண்டேன். இந்த ஊரில் காது கேளாத ஒருவர் கோர்ட்டுக்குப் போனாலும், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாலும், பெண் பார்க்கப் போனாலும் எனக்குத்தான் போன் வரும். நான் போய், அவர்கள் கை சொல்வதைப் பேச்சாகவும், மற்றவர்கள் பேசுவதைச் சைகையாகவும் மாற்றிச் சொல்லிவிட்டு வருவேன்.

இனிமேல் அம்மா சொன்னதாக நான் எழுதுவதெல்லாம் கையால் சொன்னவை. அதைப் பேச்சுத் தமிழில்தான் எழுதப்போகிறேன். பேசியிருந்தால் அவள் எங்கள் ஊர்த் தமிழைத்தான் பேசியிருப்பாள்.

ஆனால் அம்மாவுக்குக் குரல் உண்டு. காது கேளாதவர்களுக்குக் குரலே கிடையாது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கூப்பிட அம்மா ஒரு சத்தம் போடுவாள். அடித்தொண்டையில் கிளம்பி மூக்குக்குள் போய் முடியும். பள்ளிக்கூட வாசலில் அவள் அதைப் போட்டால் எல்லாப் பிள்ளைகளும் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அது வேறு யாருக்கும் எழுதிக் காட்ட முடியாத என் இன்னொரு பெயர்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் எனக்கு ஒரு வேலை வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக உலக நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை போட்டிருக்கின்றன. நம் நாடும் அதில் கையெழுத்துப் போட்டு, அதை ஏற்றுக்கொண்டு, பல வருடங்கள் ஆகின்றன. ஒப்புக்கொண்டபடி நடக்கிறோமா என்று அவ்வப்போது ஜெனிவாவில் இருக்கும் ஐ.நா. குழுவுக்கு அறிக்கையும் அனுப்ப வேண்டும். அந்த உடன்படிக்கையைச் சைகையில் வீடியோவாக எடுக்க வேண்டும் என்று ஊரில் ஒரு சிறிய அமைப்பு என்னைக் கேட்டது. தமிழ்ப் பிரதியைக் கையில் கொடுத்தார்கள். ஒரு வாக்கியத்துக்குள் மூச்சு மூன்று தடவை முட்டும். தினமும் சாயங்காலம் டியூப்லைட்டுக்குக் கீழே நின்று, அம்மாவை எதிரே உட்கார வைத்து, ஒவ்வொரு பகுதியாகச் செய்து பார்ப்பேன். அம்மாவுக்குப் புரிந்தால் சரி. புரியாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். நாடுகள் இன்னின்னது செய்வதாக உறுதி கொடுக்கின்றன என்று வந்தது. நான் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்வதுபோல் காட்டினேன். அம்மா கையைத் தூக்கி நிறுத்தினாள்.

“யார் பண்ண சத்தியம்?”

“நம்ம நாடு.”

“யாருக்குப் பண்ணுச்சு?”

“உங்களுக்குத்தான். காது கேக்காதவங்க, கண்ணு தெரியாதவங்க, எல்லாருக்கும்.”

“எனக்குச் சத்தியம் பண்ணிட்டு எனக்கே சொல்லலையா?”

அதைச் சொல்லத்தான் இந்த வீடியோ என்று விளக்கினேன். அம்மா உதட்டைப் பிதுக்கினாள். எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் காலமெல்லாம் பேக்கிங் வேலை பார்த்தவள் அவள். அங்கே மெஷின் இரைச்சலில் மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, அம்மாவும் அவளைப் போன்ற இரண்டு தோழிகளும் ஹாயாகக் கையால் கதை பேசிக்கொண்டிருப்பார்களாம். போனஸ் எப்போது என்பது மட்டும் அந்த மூன்று பேருக்குக் கடைசியில்தான் தெரியுமாம். நாட்டின் சத்தியத்தையும் அவள் அந்த போனஸ் கணக்கில் சேர்த்துவிட்டாள் போலிருந்தது.

வீடியோ வேலை பாதியில் இருந்தபோது அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டு என்றார்கள். ஊசி குத்தி எடுத்துப் பரிசோதித்துவிட்டு, சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது, அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவரைப் பார்க்கப் போனோம். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் அம்மாவைப் பார்த்துப் பேசவில்லை. என்னைப் பார்த்தே பேசினார். “அவங்களுக்கு பிரஷர் இருக்கா? அவங்க மாத்திரை சாப்பிடறாங்களா?” அவங்க இங்கதான் உக்காந்திருக்காங்க டாக்டர், என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். மேஜைக்கு அடியில் காலும் ஆடிக்கொண்டிருந்தது.

“கட்டிக்குப் பக்கத்துலயே குரலுக்குப் போற நரம்பு ஓடுது. சில பேருக்குக் குரல் கம்மிப் போகலாம், மாறிப் போகலாம்” என்றார். பிறகு லேசாகச் சிரித்தார். “ஆனா உங்க அம்மா விஷயத்துல அது ஒரு பிரச்சினையே இல்ல.”

ஆறுதலுக்குத்தான் சொன்னார்.  அதைக் கையால் சொன்னால் கூடவே அழுகையும் வந்துவிடும் என்று பட்டது. பக்கத்தில் நரம்பு இருக்கிறது, ஜாக்கிரதையாகச் செய்ய வேண்டும் என்று மட்டும் அம்மாவிடம் காட்டினேன்.

வீட்டுக்கு ஸ்கூட்டரில் திரும்பினோம். ஸ்கூட்டரில் நாங்கள் பேசிக்கொள்வது சிக்னலில்தான். வண்டி நின்றதும் அம்மா பின்சீட்டில் கொஞ்சம் சாய்ந்து, வலது பக்கக் கண்ணாடிக்குள் தெரிகிற மாதிரி கையை நீட்டிப் பேசுவாள். நான் கண்ணாடியில் பார்த்து ஒற்றைக் கையால் பதில் சொல்வேன். சிவப்பு விளக்கு எங்களுக்கு எப்போதும் பிடித்த விளக்கு. அன்றைக்கு மட்டும் பிடிக்கவில்லை.

“டாக்டர் வாய் இவ்ளோ நேரம் அசைஞ்சுது” என்று அம்மா கையை அகல விரித்தாள். பிறகு இரண்டு விரலுக்கு நடுவே கொஞ்சம் இடம் காட்டினாள். “உன் கை இவ்ளோதான் சொல்லுச்சு. மீதி எங்க?”

“அப்புறம் சொல்றேன்” என்று காட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

அந்த ‘அப்புறம்’ இருக்கிறதே, அம்மா வாழ்க்கையில் அதைப்போல் அவளுக்கு எரிச்சல் மூட்டும் சைகை வேறு கிடையாது. கல்யாணப் பந்தியில் எல்லோரும் குலுங்கிச் சிரிப்பார்கள். என்ன, என்ன என்று அம்மா கேட்பாள். அப்புறம் சொல்றோம் என்பார்கள். சாவு வீட்டில் எல்லோரும் திடீரென்று எழுந்து நிற்பார்கள். அப்புறம். பஸ் பாதி வழியில் நின்றுவிடும். அப்புறம். சொன்ன அப்புறங்களில் பாதி வந்ததே இல்லை என்பாள்.

அடுத்த சில நாட்கள் அவள் எதுவும் கேட்கவில்லை. வீடியோ ஒத்திகையில் மருத்துவம் பற்றிய பகுதி வந்தது. மற்றவர்களுக்குக் கிடைக்கிற அதே தரத்தில் சிகிச்சை கிடைக்க வேண்டும், விஷயம் தெரிந்து தன் விருப்பப்படி சம்மதம் சொல்ல வேண்டும் என்பதைச் செய்து காட்டினேன். அதற்கு முன்பே பயிற்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றியும், நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பது பற்றியும் பார்த்துவிட்டோம். அம்மா நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“இதுக்கெல்லாம் நாடு ஒத்துக்கிச்சா? இல்ல, சும்மா எழுதி வெச்சதா?”

“ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கும்மா.”

“அப்ப வர வியாழக்கிழமை டாக்டரப் பாக்க எனக்கு ஒரு ஆள் வேணும்.”

“நான்தான் வரேனே!”

“நீ வேணாம்.”

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இந்த ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் நான் வேண்டும், பெற்றவளுக்கு மட்டும் வேண்டாமா? ஏன், ஏன் என்று கையை உதறினேன். அம்மா பொறுமையாகச் சொன்னாள்.

“நீ என் பொண்ணு. டாக்டர் பேசிக்கிட்டு இருக்கசொல்ல நான் உன் கையப் பாக்கறதுக்கு முன்னாடி உன் மூஞ்சியப் பாக்கறேன். உன் மூஞ்சி பயந்துச்சுன்னா உனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சுடறேன். எனக்கு இன்னான்றது கடைசி வரைக்கும் எனக்குத் தெரியறதில்ல. எனக்கு அழாத ஒரு ஆள் வேணும்.”

கோபித்துக்கொண்டு மாடிக்குப் போய் நின்றேன். காய்ந்த துணியை எல்லாம் மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன். விஷயத்தைக் கேள்விப்பட்டு போன் செய்த சித்தி எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினாள். “நீ இருக்கசொல்ல எதுக்குடி வெளி ஆளு? கேக்கறவங்க இன்னா நெனப்பாங்க?” சித்தி அப்படிச் சொன்ன பிறகுதான் அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. சித்தியும் நானும் ஒரே கட்சியில் இருந்தால் அந்தக் கட்சியில் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் உதவி மேஜையில் கேட்டேன். அங்கே இருந்த பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

“சைகைக்கு ஆளா? அதான் நீங்க இருக்கீங்களேக்கா.”

“நான் நோயாளியோட பொண்ணு. வேற ஆள் வேணும்.”

“பொண்ணா இருக்கறது இன்னும் நல்லதுதானே?”

அவளுக்குப் பின்னால் சுவரில், பிரெஞ்சு பேசும் ஊழியர் இங்கே உண்டு என்று பிரெஞ்சிலேயே எழுதி மாட்டியிருந்தது. பிரான்ஸ் குடியுரிமை வைத்திருக்கும் பெரியவர்கள் பலர் வருகிற இடம். நான் பார்க்கும்போதே ஒருவர் வந்து நின்று “பொன்ழூர்” என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். உள்ளேயிருந்து ஓர் ஊழியர் ஓடி வந்து அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார். அந்தப் பெரியவர் போகும்போது லிஃப்ட்காரரிடம் சுத்தமான தமிழில் மாடி கேட்டார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்தப் பலகைமேல்தான் கோபம். கடல் தாண்டிய பாஷைக்கு ஆள் போட்டவர்களுக்கு, தெருமுனையில் இருக்கிற பாஷை ஒன்று இருப்பதே தெரியவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பேசியவர் மிகவும் தன்மையானவர். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார், எழுதிக்கொள்ளுங்கள் என்று நம்பரைச் சொன்னார். எழுதிக்கொண்டே வந்தவள் பாதியில் பேனாவை வைத்தேன். அது என் நம்பர்.

“சார், இது நான்தான்.”

“அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு மேடம். உங்களுக்கு ஆளே தேட வேணாம்” என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சென்னையில் தெரிந்தவர்களுக்கு அந்த வாரம் முழுவதும் வேலை இருந்தது. வீடியோ காலில் செய்துவிடலாம் என்றார் ஒருவர். மருத்துவரின் அறை வாசலில் நின்று முயன்று பார்த்தேன், நெட் சரியாகக் கிடைக்காமல் மறுமுனையில் அவர் கை பாதியில் உறைந்து நின்றது. பிறகு என்னோடு பயிற்சியில் படித்த கடலூர்க்காரி நினைவுக்கு வந்தாள். காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் டீச்சர். கேட்டதும், “லீவ் போட்டுட்டு வந்துடறேன்டி” என்றாள். நாடு போட்ட கையெழுத்தைக் காப்பாற்றக் கடலூரில் ஒருத்தி லீவு போட வேண்டியிருந்தது. இதை ஜெனிவாவுக்குப் போகும் அறிக்கையில் எந்தத் தலைப்பில் போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டே போனை வைத்தேன்.

வியாழக்கிழமை அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அரைமணி நேரம் அம்மாவோடு பேசிக் கை பழகிக்கொண்டாள். மருத்துவரின் அறைக்குள் போனதும், தன் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அம்மா ஒரே பார்வையில் இருவரையும் பார்க்கலாம். மருத்துவர் வாசலில் நின்ற என்னைப் பார்த்து, “நீங்க உள்ள வரலையா?” என்றார்.

“அம்மா என்னைக் கூப்பிடல டாக்டர்” என்றேன். கதவு சாத்திக்கொண்டது.

கதவில் பெரிய கண்ணாடி. மற்றவர்களுக்குக் கதவைச் சாத்தினால் உள்ளே நடப்பது ரகசியமாகிவிடும். எங்கள் பாஷைக்கு அது போதாது. கடலூர்க்காரியின் கை இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. ‘கட்டி’ என்று ஆரம்பித்தாள். அம்மாவின் முதுகுதான் தெரிந்தது என்றாலும், முழங்கை அசைவதை வைத்தே அவள் என்ன கேட்கிறாள் என்று என்னால் பாதி சொல்லிவிட முடியும். காலம் காலமாகப் பார்த்த முழங்கை.

வெளியே இருந்த வரிசை நாற்காலியில், கதவுக்கு முதுகைக் காட்டி, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். கை கழுவும் முறை பற்றி ஒரு படம் ஒட்டியிருந்தது. அதையே பார்த்தேன். திரும்பிப் பார் என்று கழுத்து நச்சரித்தது. உள்ளே இருப்பது என் அம்மா, அவள் கழுத்து, அவள் உயிர். எனக்கு உரிமை இல்லையா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. கால் ஆடிய ஆட்டத்தில் அந்த வரிசை மொத்தமும் ஆடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, மீன் விற்கும் குப்பத்து அம்மா ஒருத்தி என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள்.

“இன்னாமா, உள்ள யாரு?”

“எங்கம்மா.”

“கூடப் போவல?”

“வேணாம்னுட்டாங்க.”

“சண்டையா?”

“இல்ல.”

“அப்ப ஏன் செவுத்தப் பாத்துக்கினு குந்திக்கினு இருக்கற?” என்றாள். நான் சொல்லத் தொடங்கினால் உடன்படிக்கையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சிரித்து மழுப்பினேன்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அம்மாவின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஓடிப்போய் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“அப்புறம் சொல்றேன்” என்றாள் அம்மா.

கண்ணில் குறும்பு இருந்த மாதிரி பட்டது, ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கடலூர்க்காரியைத் தனியே இழுத்துப் போய்க் கேட்டேன். “உள்ள நடந்தத வெளிய சொல்லக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? நாம ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சதுதானடி” என்று என் தோளில் தட்டிவிட்டு பஸ் ஏறப் போய்விட்டாள். ஊரில் உள்ள அத்தனை பேரின் ரகசியத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டு திரிபவள் நான். என் அம்மாவின் ரகசியம் கடலூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது.

வண்டியை எடுத்தேன். அன்றைக்கென்று வழியெல்லாம் பச்சையாகவே விழுந்தது. பின்னால் அம்மா அசையாமல் உட்கார்ந்து வந்தாள். கடைசியில், இருப்பதிலேயே நீளமான சிக்னலில் சிவப்பு விழுந்தது. கண்ணாடிக்குள் அம்மாவின் கை வந்தது.

“ஆபரேஷன் பண்ணிக்கறேன்னு சொல்லிட்டேன்.”

நான் தலையாட்டினேன்.

“ஊசி எடது கையில போடச் சொன்னேன். சோத்துக் கையக் கட்டி வெச்சா நான் எப்படிப் பேசுவேன்? எழுதிக்கிட்டார். எனக்கு மயக்கம் தெளியசொல்ல அந்தப் பொண்ணும் இருக்கணும்னு சொன்னேன். சரின்னார்.”

கை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டது. மறுபடி வந்தது.

“குரல் போனாலும் போகுமாம். அன்னிக்கே உன்கிட்ட சொன்னாராம்.”

கண்ணாடியில் அவள் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஆட்டோவின் சக்கரத்தைப் பார்த்தேன். அம்மா என் தோளைத் தட்டி மறுபடியும் கண்ணாடியைப் பார்க்க வைத்தாள்.

“நான் கேட்டேன், அதுக்கப்புறம் என் பொண்ணக் கூப்பிட முடியுமான்னு. டாக்டர் பேனாவக் கீழ வெச்சார். உங்களுக்குக் குரல் இருக்கும்னே எனக்குத் தோணலம்மா, மன்னிச்சுடுங்கன்னார். ஜாக்கிரதையாப் பாத்து செய்யறேன், ஆனா சத்தியம் பண்ண முடியாதுன்னார். சத்தியம் பண்ணாம உண்மையச் சொன்னாரே, அதுக்கே சரின்னுட்டேன்.”

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்போது அம்மா அந்தச் சத்தத்தைப் போட்டாள். அடித்தொண்டையில் கிளம்பி மூக்கில் போய் முடிகிற என் பெயரை, நடு ரோட்டில், முழுக் குரலில். ஆட்டோக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். முன்னால் நின்ற கல்லூரிப் பையன்கள் திரும்பினார்கள். அம்மாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. கண்ணாடியில் என்னையே பார்த்தாள்.

“இது எப்படி இருக்கும்? எனக்கு யாரும் சொன்னதில்ல. அது போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும்.”

பச்சை விழுந்தது. பின்னாலிருந்து பஸ் ஹாரன் அடித்தது. ‘அப்புறம்’ என்று காட்ட என் இடது கை தானாக மேலே போனது. பாதியிலேயே இறக்கிவிட்டேன்.

வண்டியை ஓரமாக உருட்டிக்கொண்டுபோய் ஒரு செருப்புக் கடை வாசலில் ஸ்டாண்ட் போட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். அம்மா இறங்கி என் எதிரே வந்து நின்றாள். சொல்லக் கையைத் தூக்கினேன். ஊரில் எத்தனையோ பேர் சொன்னதை மாற்றிச் சொன்ன கைக்கு ஒன்றும் வரவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து என் தொண்டையில் வைத்து அழுத்திக்கொண்டேன். அவள் என்னைக் கூப்பிடுகிற மாதிரியே, அடித்தொண்டையில் தொடங்கி மூக்கில் முடித்து, ரோடே திரும்பிப் பார்க்கும்படி, அம்மாவைக் கூப்பிட்டேன்.